எல்லா நாளும் ஒரே விலை

வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் எனக்கு வேலை. வெளிநாடு போய் வருகிறவர்கள் நீட்டும் ஓட்டல் பில்லையும் டாக்சி பில்லையும் ரூபாயாக்கித் தருவேன். எங்கள் தொழிலில் ஒரே விதிதான்: செலவு நடந்த நாளின் விலையே விலை. தேதி இல்லாத பில்லைத் திருப்பி அனுப்பிவிடுவேன். யார் கெஞ்சினாலும் இரங்கியதில்லை.

என் தம்பி மாலத்தீவில் ஒரு ரிசார்ட்டில் சமையல்காரன். சம்பளம் அந்த ஊர்ப் பணமான ரூஃபியாவில். அதை டாலராக மாற்றினால்தான் மர்பி டவுனில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் பணம் வரும். ஒரு டாலருக்கு இத்தனை ரூஃபியா என்று அரசாங்கம் வைத்த விலை வருஷக்கணக்காக அசையவில்லை. அந்த விலைக்கு அவனுக்கு டாலர் கிடைத்ததும் இல்லை. பேங்கில் இல்லையென்று கையை விரிப்பார்கள்; வெளியே வாங்கினால் கூடுதல் விலை.

"பேங்குல ஒரு ரேட்டு, கடையில ஒரு ரேட்டு, அக்கா. மாசாமாசம் சம்பளத்துல ஒரு கடி கடிச்சிக்கினு போறாங்க" என்று போனில் புலம்புவான்.

பிறகு அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். ரிசார்ட்டின் சரக்குப் படகில் லீவு நாட்களில் கூலிக்குப் போனான். அந்தக் கூலி மட்டும் டாலர் நோட்டாகக் கையில் வந்தது. எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

ஒரு மழைக்காலத்தில் அவன் ஏறிப்போன படகு திரும்பவில்லை. சில நாட்கள் கழித்து வேறொரு தீவின் கரையில் உடைந்த பலகைகள் ஒதுங்கின. ஆட்கள் ஒதுங்கவில்லை.

துக்கம் கேட்க வந்த பக்கத்து வீட்டம்மா, "செத்த நாள் தெரியலேன்னா இன்னா, அமாவாசைக்குப் படைக்கலாம்" என்றாள். அம்மா எழுந்துபோய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். அந்தம்மா அப்புறம் எங்கள் வீட்டுப் படியேறவில்லை. "என் மகன் வருவான்" என்பதே அம்மாவின் பேச்சாக இருந்தது.

மாதங்கள் கழிந்து ரிசார்ட்டிலிருந்து போன் வந்தது. பேசியவரும் தமிழர்தான். சம்பள பாக்கியையும் நஷ்டஈட்டையும் ரூஃபியாவில் கணக்குப் போட்டு, இறந்த நாளின் விலையில் டாலராக்கி அனுப்புவார்களாம். படகு கிளம்பியதற்கும் பலகை ஒதுங்கியதற்கும் நடுவில் ஏதாவது ஒரு தேதியைக் குடும்பம் எழுதித் தர வேண்டுமாம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். என் தம்பியைக் கடலில் போட்டவர்களும் பணத்தை அளக்கத்தான் நாள் கேட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் நான் தினமும் ஆபீசில் கேட்பதும் அதைத்தானே.

தம்பி பெண்டாட்டிக்கு அந்தப் பணம் வேண்டும். குழந்தைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டவில்லை; தம்பி மாலத்தீவு போக ஏஜெண்டுக்குக் கொடுப்பதற்காக வாங்கிய கடன் அப்படியே நின்றது. "ஒரு தேதி சொல்லுங்கத்தே" என்று கேட்டாள்.

"நாளைக்கு அவன் வந்து நின்னா இன்னா பதில் சொல்வே?" என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு ஒரே சமையலறையில் இருவரும் பேசாமல் புழங்கினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லேப்டாப்பைத் திறந்து ரூஃபியாவின் பழைய விலைகளைத் தேடினேன். அசையாத விலை என்று தெரிந்தும், எந்த நாளில் நாலு காசு கூட வரும் என்று ஒவ்வொரு தேதியாகத் தட்டினேன். கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்ப்பதுபோல என் தம்பியின் சாவுக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாத் தேதிக்கும் ஒரே எண்தான் வந்தது. அம்மா எப்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள் என்று தெரியவில்லை.

"இன்னாடி பாக்குற?"

"எந்த நாள் போட்டா பணம் ஜாஸ்தி வரும்னு பாக்குறேம்மா."

"எந்த நாள்?"

"எல்லா நாளும் ஒண்ணுதான். எதப் போட்டாலும் அதே பணம்."

அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவன் கடையில வாங்கினானே, அந்த ரேட்டு இதுல எங்க இருக்கு?"

"அது இதுல வராதும்மா."

"அதுக்குத்தானே படகுல ஏறுனான்."

தம்பி பெண்டாட்டி சமையலறை வாசலில் வந்து நின்றாள். உள்ளே குக்கர் விசிலடித்தது; யாரும் போகவில்லை.

"எல்லாம் ஒண்ணுன்னா, அமாவாசையப் போடு" என்றாள் அம்மா.

நான் காலண்டரை எடுக்க எழுந்தேன். அம்மா என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். படகு கிளம்பியதற்கும் பலகை ஒதுங்கியதற்கும் நடுவில் வந்த அமாவாசை என்ன தேதி, என்ன கிழமை என்று காலண்டரைப் பார்க்காமலே சொன்னாள்.