முப்பத்தஞ்சு மார்க்குக்குப் படித்த மூன்று மாதம்

படிப்பில் ஊக்கம் போய்விட்டது என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல்தான் வரும். போவதற்கு முதலில் அது வந்திருக்க வேண்டாமா? எனக்கு வந்தது வெப்ராளம். நெஞ்சு படபடவென்று அடித்து, இருந்த இடத்தில் இருக்கவிடாமல் ஆட்டுமே, அது. அதைத்தான் நானும் வீட்டில் உள்ளவர்களும் படிப்பார்வம் என்று நினைத்துக்கொண்டோம்.

ஒன்பதாம் வகுப்புப் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டு அண்டி ஆபீசுக்குப் போனவள் நான். முந்திரிப் பருப்பு எடுக்கிற தொழிற்சாலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். பேரில் மட்டும்தான் ஆபீஸ். உள்ளே தரையில் காலை மடக்கி உட்கார்ந்து, சின்னக் கத்தியால் பருப்பின் தொலியை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பத்தொன்பது வருஷம் உட்கார்ந்ததில் இரண்டு கால் முட்டும் போயிற்று. அந்தச் சமயத்தில்தான் எங்கள் தெரு அங்கன்வாடியில் உதவியாளராக இருந்த அக்கா அடுத்த வருஷம் ஓய்வு பெறப்போகிறார் என்று தெரிந்தது. வீட்டிலிருந்து நாலு எட்டு. நின்று, நடந்து செய்கிற வேலை. பத்தாம் வகுப்பு பாஸ் என்று ஒரு தாள் மட்டும் வேண்டும்.

கல்ஃபில் இருக்கிற என் கணவர் போனில் சொன்னார்: "நீ தனித்தேர்வு எழுது. மூணு மாசம் ஆபீசுக்குப் போகாண்டாம். வீட்டு சோலிய அம்மா பாத்துக்கிடுவா." மாமியாருக்கு அறுபத்தாறு வயது. அவரிடம் யாரும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் என் கையிலிருந்த துடைப்பத்தை அவர் வாங்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மார்த்தாண்டத்தில் ஒரு டுட்டோரியலுக்குப் போனேன். ஃபேன்சி ஸ்டோருக்கு மேல் மாடி. அங்கே பாடம் எடுத்த மாஸ்டர் புத்தகத்தைத் தொட்டு நான் பார்த்ததில்லை. முக்கிய வினாக்கள் என்று பின் அடித்த நாலு தாள் தருவார். "மக்களே, முழுசும் படிக்கப் போனா தோத்துருவிய. முப்பத்தஞ்சுக்குப் படிங்க, போதும்" என்பார். எல்லாரும் சிரிப்போம். படித்த ஆள் ஒருவர் படிக்க வேண்டாம் என்று சொல்லும்போது வரும் நிம்மதி இருக்கிறதே, கோயிலில்கூட அது கிடைக்காது. அந்த நிம்மதிக்குத்தான் வாராவாரம் பஸ் ஏறினேன் என்று இப்போது தெரிகிறது.

மற்ற நேரமெல்லாம் கவலைப்பட்டேன். அதில் நான் கெட்டிக்காரி. ஹால் டிக்கெட் போட்டோவில் பொட்டு வைத்திருக்கிறேன், பரீட்சைக்கு வைக்காமல் போனால் நான் இல்லை என்று சொல்லிவிடுவார்களா? மார்த்தாண்டம் ஜங்ஷனில் பஸ் மாட்டிக்கொண்டால்? பேனா எழுதாமல் போனால்? பதினொரு பேனா வாங்கினேன். நாலு நிற மையில் டைம்டேபிள் போட்டேன். அதைப் போடுகிற நேரத்தில் ஒரு பாடம் படித்திருக்கலாம் என்பது எனக்கும் தெரிந்தது. அதனால் அதை இன்னும் அழகாகப் போட்டேன்.

படிக்கவும் செய்தேன், என் மாதிரியில். அண்டி ஆபீசில் இவ்வளவு கிலோ என்றுதான் ஒரு நாளுக்குக் கணக்கு. கை பாட்டுக்குத் தொலி எடுக்கும், வாய் ஊர்க்கதை பேசும், மனசு எங்கேயோ கிடக்கும். மனசு தேவையே இல்லாமல் ஒரு நாள் வேலையை முடிப்பது எப்படி என்று பத்தொன்பது வருஷமாகக் கற்றவள் நான். அதையே புத்தகத்திலும் காட்டினேன். நாளைக்கு முப்பது பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பென்சிலால் ஒரு டிக். மத்தியானத்துக்குள் பதினைந்து டிக் விழாவிட்டால் சோற்றுப் பானையைத் திறக்கமாட்டேன். விழுந்துவிட்டால் சோறு இறங்கும். ஒன்றரை மாதத்தில் அறிவியலும் சமூக அறிவியலும் முடிந்தன. தொலி எடுத்தாயிற்று, தட்டில் போட்டாயிற்று. உள்ளே என்ன எழுதியிருந்தது என்று கேட்டால், எடுத்த பருப்பில் ஒன்றின் முகத்தைச் சொல் என்பது போல.

மாதிரித் தேர்வு வைத்தார்கள். அறிவியலில் பதினொன்று வாங்கினேன். மாஸ்டர் தாளைக் கையில் தந்து, "ஒண்ணும் கவலப்படாண்டாம் கேட்டியளா, பாசிட்டிவா இருங்க" என்றார். இரண்டு மார்க் வாங்கியவனுக்கும் அதையேதான் சொன்னார்.

அதற்குப் பிறகு புத்தகத்தைத் திறந்து வைத்ததோடு சரி. டிக் போடவும் கை வரவில்லை. போனில் ஊக்கப் பேச்சு கேட்க ஆரம்பித்தேன். கோட்டுப் போட்ட ஒருவர் மேடையில் நடந்துகொண்டே, நீ ஒரு சிங்கம் என்று கத்துவார். சிங்கத்துக்கு இருபடிச் சமன்பாடு எதற்கு என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை. ஒரு நாளைக்கு ஆறு ஏழு பேச்சு கேட்டேன். கேட்கும்போது உடம்பெல்லாம் புல்லரிக்கும். முடிந்ததும் அடுத்ததைப் போடுவேன். சோம்பேறிகளுக்கென்று கண்டுபிடித்த நல்ல வியாபாரம் அது. நான் அதன் முதல்தர வாடிக்கைக்காரி.

வீட்டில் மட்டும் என் மதிப்புக் குறையவில்லை. மாமியார் டிவி சத்தத்தைக் குறைத்து வைப்பார். பக்கத்து வீட்டுக்காரி வல்லாரைக் கீரை கொண்டு தந்தாள். கணவர் வீடியோ காலில் "படிக்கியா?" என்று கேட்கும்போது, திறந்திருக்கும் புத்தகத்தைத் தூக்கிக் காட்டுவேன். "கொள்ளாம், கொள்ளாம்" என்று மெச்சுவார். மனிதன் பாவம். வெயிலில் நின்று வேலை செய்துவிட்டு வந்து ஒரு புத்தகத்தின் அட்டையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

ஒரு சாயங்காலம் மாமியார் எனக்குப் பால் விடாத கட்டன்சாயா கொண்டு வந்து வைத்துவிட்டு, போகாமல் நின்றார்.

"ஏட்டி, வெள்ளிக்கிழமையிலேருந்து அந்த ஈரல் படந்தானே தொறந்து கெடக்கு?"

"ஈரல் இல்ல மாமி, இதயம்."

"எந்த எளவாட்டும் இருக்கட்டு. நாலு நாளா அதே பக்கந்தான். எனக்கு எழுத்துதான் தெரியாது, கண்ணு தெரியும்."

"கஷ்டமான பாடம்."

"ஓ. அதுல பல்லி எச்சம் விழுந்து ரெண்டு நாளாச்சி. அதத் தொடைக்கதும் கஷ்டமா?"

நான் பார்த்தேன். விழுந்துதான் கிடந்தது, காய்ந்து.

"மாமி, இத போன்ல அவ்வொகிட்ட சொல்லாண்டாம்."

"நான் எதுக்குச் சொல்லுதேன்? உனக்கு வாய் இல்லியா?" என்றார். சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்ப் பாத்திரம் கழுவ உட்கார்ந்தார்.

அவமானம் வந்தால் படிப்பு வரும் என்று சொல்வார்கள். எனக்கு அவமானம் வந்தது, கூடவே தூக்கமும் வந்தது. பல்லி எச்சத்தைத் துடைத்தேன். பக்கத்தைத் திருப்பினேன். மறுநாள் முதல் தினமும் மறக்காமல் பக்கத்தை மட்டும் மாற்றி வைத்தேன். மாமியார் அதன்பிறகு அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. டிவி சத்தத்தை மட்டும் முன்போலவே குறைத்து வைத்தார். அதைவிட அவர் என்னை நாலு அடி அடித்திருக்கலாம்.

பரீட்சை வந்தது. ஐந்து நாளும் பஸ் நேரத்துக்குப் போனது. பொட்டைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நான் பயந்த எதுவுமே நடக்கவில்லை. கணக்குப் பரீட்சையில் கேள்விகளையே அழகான கையெழுத்தில் விடைத்தாளில் எடுத்து எழுதிவிட்டு மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன். சீக்கிரம் எழுந்து போனால் கண்காணிப்பு டீச்சர் என்ன நினைப்பாரோ என்று பயம். தோற்கப் போகிறவளுக்கு மரியாதையைப் பற்றிக் கவலை.

முடிவு வந்தபோது தமிழும் சமூக அறிவியலும் தேறியிருந்தன. மற்ற மூன்றும் போயிற்று. துணைத்தேர்வுக்குப் பணம் கட்டவில்லை. அக்கா ஓய்வு பெற்றபோது அங்கன்வாடி வேலை பின்தெருவில் இருக்கும் ஒருத்திக்குக் கிடைத்தது. அவளிடம் இப்போது ஒரு கணக்கைக் கொடுத்தால் போடுவாளா என்று ஒரு வாரம் பார்த்தவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டு திரிந்தேன். போடமாட்டாள்தான். ஆனால் பதினைந்து வயதில் போட்டிருக்கிறாள். நான் முப்பத்தி நாலில் போட்டது டிக்.

அதெல்லாம் பிறகு. முடிவு வந்த அடுத்த திங்கட்கிழமை மறுபடியும் ஆபீசுக்குப் போக வேண்டியிருந்தது. அதற்கு முந்திய நாள் கணவர் கூப்பிட்டார். முகத்தைச் சிரிப்பாக வைத்துக்கொண்டு, "சாரமில்ல, போனா போவட்டு. நீ கஷ்டப்பட்டுத்தானே படிச்சே. இன்னொருக்க எழுதலாம்" என்றார்.

"எழுதலாம்" என்றேன். அந்தச் சொல் வாயில் எவ்வளவு வழுக்கிக்கொண்டு வந்தது. இன்னொரு மூன்று மாதம், மாமியார் கையில் மறுபடியும் துடைப்பம், மறுபடியும் கொள்ளாம் கொள்ளாம். அடுக்களையில் மாமியார் பாத்திரம் கழுவும் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

"இல்ல, நான் படிக்கல்ல" என்றேன்.

"என்ன? கேக்கல்ல, லைன் சரியில்ல."

"நான் படிக்கவே இல்லன்னு சொன்னேன்."

அவர் முகம் திரையில் அப்படியே நின்றது. லைன் நின்றதோ என்று பார்த்தேன், பின்னால் மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

"பின்ன மூணு மாசமா என்ன செஞ்சே?"

"சும்ம இருந்தேன். உங்க அம்மதான் வேல செஞ்சாவ."

அடுக்களையில் தண்ணீரை நிறுத்தும் சத்தம் கேட்டது.