தோணி ஓடாவி செய்த கோழிக்கூடு

கூடு செய்கிற தொழிலில் கோழி ஒருநாளும் முறைப்பாடு சொல்லாது, கோழிக்காரிதான் சொல்லுவா. கூடு செய்து ஏச்சு வாங்கியவர்களும், செய்வித்துச் சீரழிந்தவர்களும் கொஞ்சம் கிட்ட வந்து இருங்கள், இது உங்களுக்குத்தான்.

நான் குருக்கள்மடத்தில் தோணி செய்கிற ஓடாவி. சண்டைக் காலத்தில் நல்ல பலகை கிடைக்காமல் சும்மா இருந்தபோதுதான் எங்கள் ஊர்க் கண்மணி அக்கா கோழிக்கூடு கேட்டு வந்தா. அவவின் மகள் முதற்பிள்ளைக்கு முழுகாமல் இருக்கிறாள். பிள்ளை பெற்றவளுக்குக் காயம் என்கிற மருந்துச் சரக்கு அரைத்துப் போட்டு ஊர்க்கோழிக் கறி கொடுக்க வேண்டும். வெளியில் கோழி தேடி அலைய முடியாத காலம் என்பதால் அக்கா தானே ஏழு பேட்டுக்கோழி வளர்க்கிறா. "மாரியில பெறுவாள் தம்பி. அதுவரைக்கும் இந்த ஏழும் உசிரோட இரிக்கணும்" என்றா. அதுக்கென்ன அக்கா என்று நானும் வாயை விட்டேன்.

ஒழுகாத கூடு

மிஞ்சிக் கிடந்த துண்டுப் பலகைகளை எடுத்து நாலு பக்கமும் அடைத்தேன். இடுக்கெல்லாம் பஞ்சு திணித்து, குங்கிலியம் காய்ச்சிப் பூசினேன். ஒரு சொட்டுத் தண்ணி உள்ளே போகட்டும் பார்ப்பம்! கைப்பழக்கம், வேறென்ன?

மூன்றாம் நாள் விடிய ஆள் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் ஏழு பேடும் வாயைப் பிளந்துகொண்டு முற்றத்தில் கிடக்கின்றன. கூட்டுக்குள்ளிருந்து வந்த வெக்கையும் குங்கிலிய மணமும் என் மூக்கையே அடைத்தன. தண்ணி தெளித்து வாழைமர நிழலில் விட்டோம். நல்ல காலம், மத்தியானத்துக்குள் எல்லாம் எழும்பி மண்ணைக் கிளறத் தொடங்கின. கண்மணி அக்கா கூட்டின் வாசலைக் காட்டிச் சொன்னா:

"ஒருக்கா நீ உள்ளுக்க தலைய விட்டுக் கதவைச் சாத்திப் பாரு தம்பி, மறுகா கதைப்பம்."

வலைக்குள் ஒரு முற்றம்

இரண்டு பக்கப் பலகையைக் கழற்றி, காற்றுப் போக இடம்விட்டுச் சட்டம் அடித்தேன். கீழேயும் காற்று வர நாலு கால் வைத்துத் தூக்கினேன். அடுத்தது, பகலில் கோழி உலாவ ஒரு அடைப்பு வேண்டும். கம்பிவலை கேட்டால், சண்டைக் காலத்தில் அதுக்கு எங்கே போவது என்று கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். காத்தான்குடியில் வலை வியாபாரம் செய்யும் ஆதம் காக்கா பழைய கரைவலை ஒன்று தந்தார். கம்பு நட்டு, சுற்றியும் மேலேயும் வலையைக் கட்டினேன். பார்க்க அழகாய்த்தான் இருந்தது!

ஆனால் எத்தனையோ வருஷம் மீன் அள்ளிய வலை, அந்த மணம் போகுமா? மறுநாள் ஊர்ப் பூனை முழுக்க அங்கேதான். வலையை நக்குவதும் கடிப்பதும் பிராண்டுவதுமாக ஒரே கொண்டாட்டம். கோழிகளோ கூட்டை விட்டு இறங்கவே மாட்டோம் என்று நிற்கின்றன. அந்த வழியால் வந்த ஆதம் காக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்:

"கோழிக்கு நான் வலை தந்தா, நீ பூனைக்கெல்லாம் கந்தூரி விருந்து குடுக்கிறியே தம்பி!"

ஆறு

வலையை அவிழ்த்து, வாவித் தண்ணியில் அலசிக் காயவைத்துத் திரும்பக் கட்டினேன். பூனைகள் போய்விட்டன. அவை கடித்த ஓட்டை ஒன்று மட்டும் இருந்தது. நான் கண்டேன். நாளைக்குப் பார்ப்பம் என்று வந்துவிட்டேன். அந்த நாளை வருமுதல், அன்றைக்கே பட்டப்பகலில், அதே ஓட்டையால் கீரி புகுந்து சாம்பல் நிறப் பேடு ஒன்றைக் கொண்டுபோய்விட்டது.

கண்மணி அக்கா ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாய் இருந்திருக்கும். அவ விரலை மடக்கி மடக்கி எண்ணிவிட்டுச் சொன்னது இவ்வளவுதான்:

"ஆறு இரிக்கி தம்பி. இன்னும் ரெண்டு மாசமும் இரிக்கி."

திறவாத கதவு

வலையைத் தூக்கி எறிந்தேன். பனஞ்சலாகையை நிலத்தில் ஒரு முழம் ஆழத்துக்கு நெருக்கமாக இறக்கி அடைப்பைப் புதிதாக்கினேன். கூட்டுக்கும் வேறு கதவு செய்தேன். இழைத்து இழைத்து, நகம்கூட நுழையாதபடி பொருத்திய கதவு. பிறகு கீரியும் அண்டவில்லை, மரநாயும் அண்டவில்லை.

மாரி பிறந்தது. வாவித் தண்ணி வளவு ஓரம் வரைக்கும் ஏறியும் ஆறு பேடும் காய்ந்த இடத்தில் சொகுசாய் இருந்தன. மகளுக்கும் சுகமாகப் பெண்பிள்ளை பிறந்தது. அடைமழை என்று கோழிகளை வெளியே விடாமல், சட்ட இடுக்கால்தான் தீன் போட்டார்கள். ஐந்தாம் நாள் மருத்துவிச்சி, "இண்டைக்குக் கோழி குடுக்கலாம்" என்றா. கண்மணி அக்கா போய்க் கதவை இழுத்தா. வரவில்லை. அயலார் இழுத்தார்கள், அசையவில்லை. எனக்கு ஆள் வந்தது.

தொட்டதுமே விளங்கிவிட்டது. தோணிப் பலகை தண்ணியில் ஊறிப் பருத்து இறுகினால்தான் ஓடாவிக்குப் பெயர். கதவையும் அப்படியே பொருத்தி வைத்திருக்கிறேன், மடையன்! அடுப்படியில் அரைத்த காயம் காத்திருக்கிறது, மருத்துவிச்சி சத்தம் போடுகிறா, நான் கொட்டுகிற மழையில் என் கையால் செய்த கதவை வாளால் இரண்டாக அறுக்கிறேன். அறுத்து முடிய, ஆறும் என் காலுக்குள்ளால் பாய்ந்து ஓடின. சேற்றில் விழுந்து எழும்பி ஒன்றைப் பிடித்தேன். அன்றைக்கு மகள் வயிறாரத் தின்றாள். அதைக் கேட்டபோது எனக்கு வந்த சந்தோசம் எந்தத் தோணியை இறக்கினபோதும் வந்ததில்லை. நான் கோழியைப் பிடித்துக் கொடுத்ததுமே கண்மணி அக்கா துவாய் ஒன்றை நீட்டிச் சொல்லியிருந்தா:

"கீரிக்கும் திறக்கல்ல, எனக்கும் திறக்கல்ல, நல்ல கதவுதான். தலையத் துடைச்சிட்டுப் புள்ளையப் பாரு தம்பி, ஒரு வாய் தின்னிட்டுப் போகலாம்."

இப்போது கூடு கேட்டு வருகிறவர்களிடம் எத்தனை கோழி என்று நான் கேட்பதில்லை, வீட்டில் யாருக்கு எத்தனையாம் மாசம் என்றுதான் முதலில் கேட்கிறேன்.