ரெண்டு கல்லுக்கு ஒரு சேலை

போன ஆடி மாதம் நான் வடக்கே கெடா மாநிலத்துக்குப் போனது பக்தியால் இல்லை, பிழைப்புக்காக. கோலாலம்பூரில் உடை வடிவமைப்பதுதான் என் தொழில். அடுத்த ஆடைக் காட்சிக்கு, நான் வளர்ந்த ரப்பர் தோட்டத்துக் கதை ஒன்றை எடுத்திருந்தேன். கதைக்கு உரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மேடையேற்ற மனம் ஒப்பவில்லை.

கதை ஜப்பான்காரன் காலத்தது. அப்போது அரிசியைப் போலவே துணியும் கிடைக்கவில்லை. சாக்கைக் கட்டிக்கொண்டவர்களும் உண்டு. எங்கள் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், அக்காள் தங்கை இருவருக்கும் ஒரே சேலை. ஒருத்தி அதைக் கட்டிக்கொண்டு பால்வெட்டப் போனால், மற்றவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பாள். ஒரு நாள் காலைப் பெரட்டில் பேர் கூப்பிட வரிசையில் நின்றவர்களை அப்படியே லாரியில் ஏற்றி, சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள். அன்று சேலை அக்காளுடைய முறை. அவள் திரும்பவேயில்லை. உடுத்தத் துணி இல்லாததால் தங்கை பிழைத்தாள்.

பிறகு அந்தத் தங்கை இரண்டு கற்களை நட்டு, இரண்டையும் சேர்த்து ஒரே சேலையைச் சுற்றினாள். இன்று அது ஒத்தச்சேலை அம்மன். ஏழைக் கோயில், அதனால்தான் ஒரு சேலை என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். போகும்போது இரண்டு பட்டுச்சேலை வாங்கிக்கொண்டதும் அந்த நினைப்பில்தான்.

கோலாலம்பூரிலிருந்து சுங்கைப் பட்டாணிக்குப் பேருந்தில் ஐந்து மணி நேரம், கட்டணம் நாற்பத்தைந்து வெள்ளி. அங்கிருந்து கோலா கெத்தில் என்ற ஊருக்கு இருபது கிலோமீட்டர் சொச்சம்; தோட்டம் அதன் பக்கத்தில். வாடகைக் கார் ஓட்டிய அண்ணன் முப்பத்தைந்து வெள்ளி கேட்டார். "உள்ள செம்பனைக் காட்டுல ஜாலான் மோசம்மா, ரோடு பூரா சேறு, கெரெத்தா சக்கரம் மாட்டிக்கும். முன்னாலயே எறக்கி விட்டுர்றேன், நடந்து போங்க" என்றார். நடந்தேன். ரப்பர் மரம் ஒன்றுகூட மிச்சமில்லை. லயம் இருந்த இடத்தில் புல்தான்.

சாந்தி கோயிலில் காத்திருந்தாள். அந்தத் தங்கையின் பேத்தி, என்னோடு தோட்டப் பள்ளியில் படித்தவள். கூலிம் நகரத் தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்து, சீருடைகூட மாற்றாமல் வந்திருந்தாள். கைப்பேசியில் நான் வரைந்த உடைப் படத்தைக் காட்டினேன். நீளமான ஒரே சேலை. அதன் இரண்டு முனைகளையும் இரண்டு பெண்கள் உடுத்தி, தோளோடு தோள் நடந்து வருவார்கள். காட்சியின் கடைசி உடை அதுதான். அவள் வேண்டாம் என்றால் எல்லாம் போச்சு.

"ரெண்டு பேரும் சேந்து நடக்கறாங்களா?"

"ஆமா. அதான் அழகே."

"அவங்க சேந்து வெளிய போனதே இல்ல லா. ஒருத்தி போனா ஒருத்தி உள்ள இருக்கணும். அதான்டி கதையே."

எனக்குச் சுருக்கென்றது. மாதக்கணக்கில் வரைந்த எனக்கு இது உறைக்கவில்லையே என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

"அப்போ மேடையேத்த வேணாமா?"

"ஏத்து. பொய்யா ஏத்தாத. பெரிய பாட்டி தனியாத்தான் போனாங்க."

என் பையிலிருந்து சிவப்புச் சேலையை எடுத்து இரண்டு கற்களுக்கும் சேர்த்துச் சுற்றினாள். பச்சையைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அதுவும் அம்மனுக்குத்தான்" என்றேன்.

"ரெண்டு கட்டுனா ரெண்டு பேரையும் பிரிச்ச மாதிரி. சேலை வெளிய போறவளுக்கு. நீ கட்டிக்க."

அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. தூக்கத்தில் அவள் கண் சொருகிக்கொண்டிருந்தது.

காட்சியை மாற்றிவிட்டேன். ஒருத்தி மட்டும் நடப்பாள். அவள் உள்ளே போனதும் அடுத்தவளுக்காக மேளம் முழங்கும். யாரும் வரமாட்டார்கள்.

போக நினைப்பவர்களுக்கு: காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொள்ளும். திரும்ப வரக் காரை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சேலை ஒன்று போதும்.

சாலை வரைக்கும் சாந்தி கூடவே நடந்து வந்தாள். கார் வந்ததும் நகரத்துப் பழக்கத்தில், "சரி சாந்தி, போறேன்" என்றேன். அவள் கார்க் கதவை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"போயிட்டு வர்றேன்னு சொல்லு."

சொன்னேன். அதற்குப் பிறகுதான் கதவைச் சாத்தினாள். காட்சி முடிந்த மறுநாள், பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு அங்கே போகிறேன்.