பெல்மிரா புரட்டிப் பார்த்த மீன்

போர்ச்சுகல் நாட்டு மத்தோசீன்யோஸ் துறைமுகத்தில் டாக்ஸி ஓட்டுகிறவர்கள் எண்பது பேர் இருக்கலாம். ஊர் சுற்ற வந்தவனுக்கு நல்ல மீன் சாப்பாடு கிடைக்கும் கடையைக் காட்டத் தெரிந்தவள் ஒருத்திதான். அவள் பெல்மிரா. இதைச் சொல்ல யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. பன்னிரண்டு வயதில் மத்தி அடைக்கும் தொழிற்சாலைக்குப் போய் இருபது வருஷம் மீன் தலை கிள்ளினாள். அந்தக் கையால் சேர்த்த காசில்தான் கார் வாங்கினாள். கடைக்காரர்களிடம் கமிஷன் என்று ஒரு காபிகூட வாங்கியதில்லை.

வாசலில் நின்று கையைப் பிடித்து இழுக்கிற கடைக்குப் போக மாட்டாள். படம் போட்ட சாப்பாட்டு அட்டை என்றால் வண்டியின் வேகத்தைக்கூடக் குறைக்க மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை படகு போகாது, ஆகையால் திங்களன்று யார் கேட்டாலும் மீன் கடைக்குக் கூட்டிப் போக மாட்டாள்.

அப்படிப்பட்டவள் ஒரு திங்களன்று ஏமாந்தாள். அதுவும் சொந்தத் தம்பியிடம். தம்பி வால்டெமார் மீன் சுடும் கடை வைத்திருந்தான். அந்த வருஷம் கூட்டமே இல்லை. காலையில் போன் செய்து, தூண்டில் படகு ஒன்று விடியற்காலையில் கொடுவா கொண்டுவந்திருக்கிறது, ஆள் இருந்தால் கூட்டி வா என்றான். ப்ராக் நகரத்துக் கணவன் மனைவி இரண்டு பேர் அப்போதுதான் வண்டியில் ஏறியிருந்தார்கள். மறுநாள் ஊருக்குக் கிளம்புகிறவர்கள். கடலே இல்லாத நாட்டிலிருந்து வந்து, ஒரு வேளையாவது நல்ல மீன் சாப்பிட வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். தம்பி பேச்சை நம்பி அவர்களை அழைத்துப் போனாள்.

அவர்கள் உட்கார்ந்ததும் பெல்மிரா வழக்கம்போல ஐஸ் தட்டுக்குப் போய் மீனைப் புரட்டினாள். செவுளைத் தூக்கினால் பழுப்பு நிறம். சனிக்கிழமை மீன். இத்தனை வருஷம் மீனில் கிடந்த கைக்கு இது தெரியாதா?

வால்டெமார் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான். "பூண்டு நெறயப் போட்டுச் சுட்டுடறேன்க்கா. அவங்களுக்கு என்ன தெரியப் போகுது?"

"தெரியாததாலதான்டா என்னை நம்பி வர்றாங்க."

"என் கடை படுத்துடும்க்கா. கூடப்பொறந்தவன விட அவங்க பெருசா?"

இவனைச் சுமந்து வளர்த்தவள் அவள்தான். அவர்களை எழுப்பினால் தம்பி போவான். உட்கார விட்டால் இத்தனை வருஷம் காப்பாற்றிய பெயர் போகும். ஆறு மொழியில் முப்பது வார்த்தை தெரியும் அவளுக்கு. அதை வைத்துக்கொண்டே விருந்தாளிகளிடம், மீன் பழசு, எழுந்திருங்கள் என்றாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள். நேரே எதிர்வாடை கிராசிண்டா கடைக்கு அழைத்துப் போனாள். அங்கே இரண்டு நாள் ஊறவைத்த காட் மீன் கருவாட்டை உருளைக்கிழங்கோடு அடுப்பில் வாட்டித் தந்தார்கள். இருவரும் தட்டை ரொட்டியால் துடைத்துச் சாப்பிட்டார்கள். தெருவுக்கு அந்தப் பக்கம் வால்டெமார் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றான்.

பதினோரு நாள் அவன் பேசவில்லை. அவளும் வலியப் போய்ப் பேசவில்லை. அந்தச் சேதி மட்டும் துறைமுகம் பூராவும் சுற்றியது. பன்னிரண்டாம் நாள் அவனே போன் செய்தான். இனித் திங்களன்று கடை மூடல் என்று பலகை மாட்டிவிட்டானாம், சாப்பிட வரச் சொன்னான்.

போனாள். போனவள் நேரே ஐஸ் தட்டுக்குப் போய் ஒவ்வொரு மீனாகத் தூக்கிப் பார்த்தாள்.

"இன்னும் நம்பிக்கை வரலையாக்கா?"

"உன்னை நம்பறேன்டா. மீனைப் பாக்கறேன்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செவுளெல்லாம் ரத்தச் சிவப்பு. இருப்பதில் பெரியதாக ஒன்றை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டு, அவள் கூட்டி வந்து, வெளியே வண்டியில் காத்திருந்த பயணிகள் நாலு பேரை உள்ளே வரச் சொல்லிக் கையசைத்தாள்.