வளர்த்தவள் பெற்றவள் இல்லை

மருத்துவமனைச் சலவைப் பிரிவில் அவளை மூலையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இஸ்திரி உருளையிலிருந்து சூடாக வெளிவரும் படுக்கை விரிப்பை ஒரே உதறலில் மூலைக்கு மூலை சேர மடித்துவிடுவாள். மறுமுனையைப் பிடிப்பவளுக்கு ரேடியோ என்று பெயர். வாய் ஓயாது.

மூலையக்காவின் கணவர் இறந்துவிட்டார். ஒரே மகன், டயர் கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, பல பாகங்களாக வந்துகொண்டிருந்த ஒரு மாய உலகக் கதையைப் பற்றி வீடியோ போடுவான். கடைசிப் பாகம் இன்னும் வரவில்லை. அதில் வரும் வில்லாளன் உண்மையில் யார் பிள்ளை என்று வாசகர்கள் ஆளுக்கொரு ஊகம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மகனுக்கும் ஒன்று இருந்தது. மூலையக்கா இதையெல்லாம் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

ரேடியோதான் ஒரு நாள் மடிப்புக்கு நடுவே ஆரம்பித்தாள். "உன் பையன் சொல்றதுதான் சரின்னு படுது. அந்த வில்லாளனை வளர்த்தவ, பெத்தவ இல்ல. அவளோட அக்காதான் பெத்திருக்கணும்."

அன்றைக்கு மூலையக்கா மடித்த விரிப்பு முதல் முறையாகக் கோணிப்போனது.

அவள் வீட்டுக் கதையும் அதுதான். மகனைப் பெற்றது அவளுடைய அக்கா. கல்யாணத்துக்கு முன்னால் உண்டான குழந்தை. பிள்ளையில்லாமல் இருந்த தங்கையும் அவள் கணவரும் எடுத்து வளர்த்தார்கள். அக்கா வேறு ஊரில் வாழ்க்கைப்பட்டு, பெரியம்மா என்ற பெயரில் எப்போதாவது வந்து போவாள். மகனுக்கு எதுவும் தெரியாது. இதுவரை அப்படித்தான் நினைத்திருந்தாள்.

அடுத்த ஞாயிறு கதவில் காதை வைத்துக் கேட்டாள். வில்லாளனும் அந்தப் பெரியம்மாக்காரியும் இடது கைக்காரர்கள், வேறு யாருக்கும் அந்தப் பழக்கம் இல்லை என்று மகன் அடுக்கிக்கொண்டிருந்தான். மகனுக்கு இடது கைப் பழக்கம். அக்காவுக்கும்தான்.

அதன் பிறகு அவன் சாதாரணமாக நிமிர்ந்து பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அலமாரியில் இருந்த குடும்பப் படத்தை எடுத்துத் துணிகளுக்கு அடியில் வைத்தாள். வேறு ஏதாவது பேசக்கூடாதா என்று ஒருமுறை கேட்டும் பார்த்தாள். எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள், சீக்கிரம் உண்மை வெளியே வந்துவிடும் என்று அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு ஒரு வாரம் தவித்தாள். வருகிற மாதம் வருவதாக இருந்த அக்காவுக்குப் போன் செய்து, இப்போது வேண்டாம் என்றாள். ஏன் என்று அக்கா கேட்பதற்குள் போனை வைத்துவிட்டாள்.

அந்த ஞாயிறு அவள் டீயோடு உள்ளே போனபோது அவன் திரையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தான். இத்தனை வருஷம் கூட இருந்தும் அவள் ஏன் பிள்ளையிடம் மறைத்தாள், அதுதான் என் கேள்வி என்றான்.

"பயந்துட்டேன்பா," என்றாள் மூலையக்கா. "நீ என்னை விட்டுட்டுப் போயிடுவியோன்னு பயந்துட்டேன். பெரியம்மா மேல தப்பில்ல. நான்தான் சொல்லவேண்டாம்னு சொன்னேன்."

அவன் ஹெட்போனைக் கழற்றினான். "நான் கதையைப் பத்திப் பேசிட்டிருக்கேன்மா," என்றான். சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவனுக்குப் புரிந்துவிட்டது. முதலில் பதிவை நிறுத்தினான், பிறகு அதை அழித்தான். டீயைத் தொடாமல் வெளியே போனான். அன்றிரவு அவன் கேட்டபோது, பிறந்த உடனேயே அக்கா அவனைத் தன் கையில் கொடுத்துவிட்டதாக அவள் சொன்னாள்.

அடுத்த சில நாட்கள், சோறு போட்டால் சாப்பிட்டான். அவள் அழுதால் எழுந்து போனான். அதற்குள், வேண்டாம் என்றதிலேயே என்னவோ நடந்திருக்கிறது என்று ஊகித்து அக்கா பெட்டியோடு வந்து நின்றாள். அவன்தான் கதவைத் திறந்தான். "வாங்க பெரியம்மா," என்று வழக்கம்போலச் சொல்லிப் பெட்டியை வாங்கிக்கொண்டான்.

இருவரும் மொட்டைமாடிக்குப் போனார்கள். மூலையக்கா கீழே கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டு நின்றாள். இறங்கி வந்தவன் சமையலறை வாசலில் நின்றான்.

"அவங்க சொல்றதும் நீ சொன்னதும் ஒரு இடத்துல ஒத்துவரலை. பொறந்ததும் உன் கையில கொடுத்துட்டாங்கன்னு நீ சொன்ன. கொஞ்ச நாள் அவங்களே வச்சிருந்து பால் கொடுத்ததா சொல்றாங்க."

அவள் குழாயை மூடினாள். "அது நிஜம். அதை மட்டும் என்னால சொல்ல முடியலை."

அவன் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அதில் கோபம் எவ்வளவு, வேறென்ன எவ்வளவு என்று அவளால் பிரித்தறிய முடியவில்லை.

அக்கா ஊருக்குப் புறப்பட்டபோது அவனே வண்டி ஏற்றிவிடப் போனான். நெடுநேரம் வரவில்லை. அவளோடேயே போய்விட்டானோ என்று மூலையக்கா வாசலுக்கும் ஜன்னலுக்கும் அலைந்தாள். திரும்பி வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே, அடுத்த மாதம் பெரியம்மா ஊருக்கு ஒருமுறை போகப்போவதாகச் சொன்னான். அவள் தலையாட்டினாள்.

"நீயும் வாம்மா. தனியா போக எனக்கு ஒரு மாதிரி இருக்கு."

மறுநாள் அவள் லீவு கேட்டாள். எங்கே என்று ரேடியோ துளைத்தெடுத்தாள். அக்கா வீட்டுக்கு என்று மட்டும் சொன்னாள்.