வேரை எடு, மண்ணை விடு

நானும் தம்பியும் சேர்ந்து வாங்கிய முதல் இயந்திரம், சக்கரத்துக்குப் பதிலாக ரப்பர் பட்டை மேல் ஓடுகிற ஒரு சின்ன லோடர். பழையதுதான். இரண்டாயிரத்தைத் தாண்டிய வருடங்கள் அவை. பெங்களூரின் ஓசூர் ரோடு பக்கம் எங்கே பார்த்தாலும் நிலத்தைச் சமப்படுத்திக்கொண்டிருந்தார்கள். தம்பி பெரிய இயந்திரங்களை ஓட்டிப் பழகியவன். நான் அடுகோடியில் உதிரி பாகங்கள் விற்கும் கடையில் பல வருடம் கவுண்டரில் நின்றவள். ஓட்டுவது அவன், வேலை பிடித்துப் பேசி முடிப்பது நான் என்று பிரித்துக்கொண்டோம். எங்களுக்குப் பயமே இருக்கவில்லை.

ஹெப்பகோடியைத் தாண்டி ஒரு தைலமரத் தோப்பில் வேலை கிடைத்தது. மரங்களை வெட்டி விற்றுவிட்டார்கள். பிடுங்கிப் போட்ட வேர்க்கட்டைகளும் கிளைகளும் நிலம் முழுக்கக் கிடந்தன. அவற்றை அள்ளி ஓரமாகக் குவிக்க வேண்டும். எங்களிடம் இருந்தது மண் அள்ளும் பக்கெட் மட்டும். தம்பி அதை வைத்தே ஆரம்பித்தான். வேரோடு மண்ணும் வந்தது. பாதிக்குப் பாதி மண்தான். நிலத்துக்காரர், வயதான கன்னடக்காரர், இயந்திரத்துக்கு முன்னால் வந்து இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டார்.

“ஏனம்மா இது? வேர் எடுக்கச் சொன்னா மேல்மண்ணையே அள்ளிட்டு ஹோகுத்தீரா? நங்கே ஈ மண்ணு பேக்கு!”

மண் அவருக்கு வேண்டுமாம்; அதில்தான் மாவும் சப்போட்டாவும் வைக்கப் போகிறாராம். அவர் கேட்டது நியாயம். “நாலு நாள் பொறுங்க சார், அதுக்கான சாமானோட வர்றோம்” என்று சொல்லிவிட்டு வேலையை நிறுத்தினேன்.

பக்கெட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மாட்டுகிற கிராபிள் வேண்டும். கிராபிள் என்றால் இரும்புக் கை: கீழ்ப்பாகம் அள்ளும், மேலே தாடை மூடிக் கவ்வும். அப்படிப்பட்ட சாமான்களை விற்பவர் ஒருவரின் கொட்டகையில் இரண்டு இருந்தன. ஒன்றின் அடிப்பாகம் கெட்டித் தகடு, மேலே இரண்டு தாடை, எங்கள் லோடரைவிட அகலம். இன்னொன்றின் அடிப்பாகம் இடைவெளி விட்ட இரும்பு விரல்கள், மேலே நடுவில் ஒரே ஒரு தாடை.

தம்பி பெரியதைச் சுற்றிச் சுற்றி வந்தான். “இதுதான்க்கா. ஒரே வாட்டில மலை மாதிரி அள்ளிக்கலாம்.”

“அப்ப அது? அந்த விரல் வெச்சது?”

“அது இன்னாக்கா, சீப்பு மாதிரி இருக்குது.”

விற்பவர் அவன் பக்கமே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். “சார், இது ஹெவி மாடல். லைஃப் பூரா உழைக்கும்.”

“இதோட சொந்த எடை எவ்வளவு?” என்று நான் கேட்டேன். “எங்க மெஷின் தூக்குற எடையில அதைக் கழிச்சுட்டா, வேர் தூக்க என்ன மிச்சம் இருக்கும்?”

அவர் என் பக்கம் திரும்பினார். “அது... பார்த்துச் சொல்றேன் மேடம்.”

“ஓட்டுறது நான்க்கா” என்றான் தம்பி, குரலைத் தாழ்த்தி.

“தெரியும்டா. மண்ணு போச்சுன்னா அந்தப் பெரியவர்கிட்ட பதில் சொல்றது நான்.”

அவன் முகம் சுருங்கிவிட்டது. விற்பவர் முன்னால் சண்டை போட எனக்கு இஷ்டமில்லை. இரண்டையும் தோப்புக்குக் கொண்டுவாருங்கள், ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குகிறோம் என்றேன். பெரியது அவரிடம் வெகு காலமாக விற்காமல் மழையில் நனைந்துகொண்டிருந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

முதலில் பெரியதை மாட்டினோம். தம்பி ஆசை தீர ஒரு குவியலை அள்ளித் தூக்கினான். கை மேலே போகப் போக லோடரின் பின்பக்கம் தரையை விட்டு எழும்பியது. சட்டென்று இறக்கினான். அள்ளியதைத் திறந்தால், தகட்டின் மேல் மண் அப்படியே உட்கார்ந்திருந்தது. அவன் தானே இறங்கிவந்து அதைக் கழற்றினான்.

அடுத்து என்னுடைய சீப்பு. வேரைத் தூக்கி இரண்டு உலுக்கு உலுக்கினான். மண் பொலபொலவென்று உதிர்ந்தது. நான் நிலத்துக்காரரைப் பார்த்துச் சிரித்தேன். ஆனால் இயந்திரம் ஓரத்துக்குப் போவதற்குள் பக்கவாட்டில் இருந்த கிளைகள் ஒவ்வொன்றாக வழியெல்லாம் விழுந்தன. ஒற்றைத் தாடை நடுவில் இருந்த பருத்த கட்டையைக் கவ்வியதோடு சரி. அதை நான் யோசிக்கவே இல்லை.

தம்பி இஞ்சினை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தான். “அக்கா, கீழ உன்னுது சரி. மேல என்னுது சரி.”

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அங்கேயே நின்று முடிவு செய்தோம். அடியில் விரல்கள், மேலே தனித்தனியாக மூடும் இரண்டு தாடை, மொத்த அகலம் லோடரின் பட்டைகளைத் தாண்டக் கூடாது. “ஆயில் ஓஸ் பைப்பு வெளிய தொங்கக் கூடாது, கிளை மாட்டுனா பிச்சிக்கும்” என்று தம்பி சேர்த்துக்கொண்டான்.

“அந்த மாதிரி சென்னையில இருந்துதான் வரணும். அதுவரைக்கும் இந்த ஹெவி மாடலையே...” என்று இழுத்தார் விற்பவர்.

“வேண்டாம். வரட்டும், காத்திருக்கோம்” என்றேன்.

நிலத்துக்காரரும் காத்திருந்தார். புதுக் கிராபிள் வந்த அன்றே தம்பியின் கைக்கு அது படிந்துவிட்டது. ஒரு தாடை கட்டையைக் கவ்வும். மற்றது கிளைகளை அமுக்கும். தூக்கு, உலுக்கு, நகர்த்து. விரல்களுக்கு இடையே நழுவிய சுள்ளிகளை ஆள் வைத்துக் கையால் பொறுக்கினோம்; அது பெரிய வேலையில்லை. பெரியவர் உதிர்ந்த மண்ணை ஒரு பிடி அள்ளிப் பிசைந்து பார்த்துவிட்டு, “சரியாய்த்து” என்று சொல்லி, தோப்போரத்தில் இருந்த தன் வீட்டுக்குள் போனார். பக்கத்து நிலத்துக்காரரிடம் எங்களைப் பற்றிச் சொன்னதும் அவர்தான்.

மதியம் நான் தூக்குச்சட்டியோடு நிழல் தேடி நின்றேன். எங்கும் தைல வாசனை. தம்பி அகலமான ஒரு கட்டையைக் கவ்வி எடுத்து, மண் உதிர உலுக்கி, வேலியோரப் புங்கமரத்தடியில் முட்டையை வைப்பதுபோல இறக்கி வைத்தான்.

“உக்காருக்கா, சாப்டலாம்.”