கற்சிலைப் பட்டறைக்கு லைவ் டேட்டா

இரண்டு மென்பொருளுக்கு நடுவில் தரகு பார்க்கிறவனை இரண்டுமே மதிக்காது. இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களுக்குத் தெரியாததா? வெப்சைட்டில் யார் எதைப் பார்க்கிறார், எந்த மெயிலைத் திறக்கிறார் என்று கவனித்துத் தானாகவே தகவல் அனுப்ப ஒரு மென்பொருள். வாடிக்கையாளர் விவரம் முழுக்க இணையத்தில் வைத்திருக்க இன்னொன்று, சி.ஆர்.எம். முதலாவதில் நடப்பது அந்த நிமிஷமே இரண்டாவதில் தெரிய வேண்டும்; அதற்குப் பெயர் 'லைவ்'. அதுதான் என் வேலை. வாட்ஸ்அப் எல்லார் கைக்கும் வராத காலத்தில், குமரி மாவட்டத்து மயிலாடியில் ஒரு கற்சிலைப் பட்டறைக்கு இதைச் செய்யப் போய் நான் பட்ட பாடு இருக்கிறதே!

பட்டறை முதலாளியை எல்லாரும் அண்ணாச்சி என்பார்கள். ஆபீசில் போன் பேச ஸ்டெல்லா என்று ஒரே ஒரு பெண். "லைவ் வந்த பொறவு இவளுக்கு இங்க என்ன சோலி?" என்று முதல் நாளே அவள் காதுபடக் கேட்டுவிட்டார். அவள் சம்பளத்தில்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிகிறது. நான் வேலையை முடித்தால் அவள் வேலை போகும். எனக்கு அந்தப் பக்கம் போகவே கசந்துபோச்சு.

சூடான ஆள்

ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறவரை மென்பொருள் 'ஹாட்' என்று சிவப்பில் காட்டும்; உடனே போன் போட வேண்டும். இணைப்புக் கொடுத்த அன்று காலையிலேயே ஒரு சிவப்பு. ஆள் பிள்ளையார் சிலையை விடாமல் பார்க்கிறார். பெயர் போடவில்லை, நம்பர் மட்டும் இருந்தது. ஸ்டெல்லா கூப்பிட்டாள். உள்ளறையில் மணி அடித்தது. புதிதாக வாங்கிய இரண்டாவது போனில் அண்ணாச்சி தன் கடையைத் தானே பார்த்துக்கொண்டிருந்தார். எடுத்துச் சொன்னார்: "ஏட்டி, எனக்கே பிள்ளையார் விக்கப் பாக்கியா?"

ராகு காலம்

சாமி சிலைக்கு ராகு காலத்தில் விலை பேச மாட்டார்கள். லைவுக்கு அது தெரியுமா? ஒரு செவ்வாய்க்கிழமை மூன்றரை மணிக்குக் கோயில் கமிட்டித் தலைவர் ஒருவர் அம்மன் சிலை பற்றிய மெயிலைத் திறந்தார். தகவல் வந்ததும் ஸ்டெல்லா கூப்பிட்டாள். "இந்த நேரத்துலயா அம்மன் வெலய சொல்லுக?" என்று வைத்துவிட்டார். பழி ஸ்டெல்லா மேல்.

வேறு வழி? கிழமைக்கொரு ராகு காலத்தை நிரலில் எழுதி, அந்நேரம் வரும் தகவலை நிறுத்தி வைத்து, முடிந்ததும் விட்டேன். "லைவ் டேட்டாவை எவனாவது நிறுத்தி வைப்பானா?" என்று என் மேனேஜர் போனில் கத்தினார். தேங்கியதெல்லாம் மொத்தமாகக் கொட்டும்போது ஸ்டெல்லாவுக்குத் தண்ணீர் குடிக்கக்கூட நேரமிருக்காது. அண்ணாச்சி மட்டும் அசரவில்லை: "நேரங்காலம் தெரியாத மெஷினுக்கு எதுக்கு வே மாசாமாசம் வாடகை?"

ஒரு வீடு, ஒரு நம்பர்

ஒரு நம்பருக்கு ஒரு ஆள் என்பது சி.ஆர்.எம். விதி. நம் கடற்கரை வீடுகளிலோ யாரிடம் கேட்டாலும் அப்பாவின் நம்பரைத்தான் கொடுப்பார்கள். இராஜாக்கமங்கலம் பக்கம் அந்தோணி என்று ஒரு பெரியவர், முன்பு பட்டறையில் மாதா சொரூபம் வாங்கியவர். வளைகுடாவில் இருக்கும் அவர் மகன், இறந்துபோன அம்மாவுக்கு வெப்சைட்டில் கல்லறைக் கல் பார்த்துவிட்டு, 'அம்மாவுக்கு' என்று எழுதி அந்த வீட்டு நம்பரையே போட்டுவைத்தான். மென்பொருள் இருவரையும் ஒரே ஆளாக்கி, யாரையும் கேட்காமல் எஸ்.எம்.எஸ். அனுப்பியது: 'அன்புள்ள அந்தோணி, உங்கள் கல்லறைக் கல் காத்திருக்கிறது.'

பெரியவர் ஆட்டோ பிடித்து நேரே வந்துவிட்டார். "எல்லாம் இவ செஞ்ச வேல. இன்னையோட இவள வேலைய விட்டு நிறுத்திருகேன்" என்று ஸ்டெல்லாவைக் காட்டிவிட்டு அண்ணாச்சி உள்ளே நழுவினார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு லேப்டாப்பைக் கிணற்றில் வீசியிருப்பேன். மென்பொருள்தான் அனுப்பியது என்று நான் சொன்னதைப் பெரியவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஸ்டெல்லா நாற்காலியை இழுத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்து, "தப்புதான் மாமா, பொறுத்துக்கிடுங்க. அத்தைக்க பேரு என்ன?" என்றாள். அவ்வளவுதான், மனுஷன் உடைந்து அழுதுவிட்டார். வெகுநேரம் மனைவியைப் பற்றியே பேசினார். பிறகு எழுந்து, "அவளுக்கப் பக்கத்துலதான் எனக்கும் எடம். ரெண்டு கல்லா அடிச்சிருங்க மக்கா. எனக்குள்ளதுல தேதிய மட்டும் விட்டிருங்க" என்றார்.

அவர் போன பிறகு அண்ணாச்சி வெளியே வந்தார். ஸ்டெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் பையை எடுத்தாள். அண்ணாச்சி அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "பைய வைட்டி. மெஷினு இருக்கே, அந்தச் சவத்துக்கு மன்னிப்புக் கேக்கத் தெரியாதுல்லா."

அதற்குப் பிறகு எங்கே இணைப்புக் கொடுக்கப் போனாலும், மென்பொருள் செய்கிற தப்புக்கு மன்னிப்புக் கேட்க மாசச் சம்பளத்தில் ஒரு ஆள் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.